மனிதர் என்று ஒரு வரி

“நான் மனுஷன்தான்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும் மேடம். கெளம்பிருவேன்.”

இதைச் சொல்லும்போது ஆவுடையப்பன் இன்னும் நாற்காலியில் உட்காரவில்லை. கழற்றிய செருப்பில் ஒன்று வாசலுக்கு வெளியேயும் மற்றொன்று உள்ளேயும் கிடந்தது.

நடுவர் ஷம்ஷாத் எழுந்து போய், உள்ளே கிடந்ததைக் காலால் வெளியே தள்ளிவிட்டு வந்தார். பிறகு கடிதத்தைக் கேட்டார்.

கடிதம் ‘அறுபத்துநாலு’ என்ற இணையதளத்திலிருந்து வந்தது. தென்மாவட்டத்துச் சதுரங்கப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் தளம். அங்கே ஒரு நிமிட ஆட்டம்தான் பிரசித்தம். ஆளுக்கு அறுபது விநாடி. ராஜா சிக்கினாலும் தோல்வி, நேரம் தீர்ந்தாலும் தோல்வி.

அந்தத் தளத்தில் ஆவுடையப்பன் ஒன்பது ஆண்டுகளில் தொண்ணூற்றெட்டாயிரம் ஆட்டங்கள் ஆடியிருந்தார். ஆண்டுக் கோப்பையை மூன்று முறை வென்றிருந்தார். அவருடைய கணக்கை இப்போது பூட்டிவிட்டார்கள்.

‘உங்கள் நகர்வுகளுக்கு இடைப்பட்ட நேரம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. உங்கள் பெயரில் ஒரு கணினி நிரல் ஆடுவதாக ஐயுறுகிறோம். முப்பது நாட்களுக்குள் எங்கள் நடுவர் முன்னிலையில் ஆடி, அவர் கைப்பட ஒரு வரிச் சான்று பெற்று அனுப்புக. தவறினால் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே இயந்திரம் என்று குறிக்கப்படும்.’

அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். பாளையங்கோட்டையில் அதைப் பார்க்காத வக்கீல் குமாஸ்தா இல்லை. ஆவுடையப்பன் ஒரு வக்கீலிடம் பதினெட்டு ஆண்டுகளாகத் தட்டச்சர். மற்றவர்களைப் போல அவர் புனைபெயரில் ஒளிந்துகொள்ளவும் இல்லை; ‘ஆ. ஆவுடையப்பன், பாளையங்கோட்டை’ என்றே ஆடினார். புனைபெயர் வைத்துக்கொள்கிறவன் தோற்பதற்கு ஆயத்தமாக வருகிறவன் என்பது அவருடைய கட்சி.

ஆகவே அந்த ஒரு வரி அவருக்கு வேண்டியிருந்தது.

“எந்த நிரலும் கிடையாது மேடம். இந்தக் கைதான். நீங்களே பாருங்க.”

நடுவருக்கு இருபத்தொன்பது வயது. மேலப்பாளையத்தில் ஒரு மாடி அறை. கல்லூரியில் புள்ளியியல் பாடம். தன் தங்கை மகளின் வயது என்று ஆவுடையப்பன் மனத்துக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்தொரு வயது மனிதரை எடைபோட ஒரு சின்னப்பெண்.

அந்தச் சின்னப்பெண் மடிக்கணினியில் தளத்தின் சோதனைக் கணக்கொன்றைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

*

ஆட்டம் நாற்பத்தொரு விநாடியில் முடிந்தது. ஆவுடையப்பன் வென்றார்.

அவர் ஆடும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் பதினோரு நகர்வுகள் என்றைக்கும் மாறாதவை. எதிரே ஆடுவது யாராக இருந்தாலும் சரி, என்ன ஆடினாலும் சரி. அதன் பிறகு எல்லாம் ப்ரீமூவ். எதிராளி இன்னதைத்தான் ஆடுவான் என்று வைத்துக்கொண்டு, அவன் ஆடுவதற்கு முன்பே தன் பதிலைத் திரையில் பதித்துவிடுவதற்கு ஆட்டக்காரர்கள் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் கை எடுத்த கணத்தில் இவர் காய் தானாகப் போய் உட்கார்ந்துவிடும். நேரம் செலவாகாது.

கணிப்பு தப்பிப்போய் ராணி பறிபோனாலும் அவர் கலங்கமாட்டார். ராணி போன பிறகுதான் அவருக்கு வேகமே கூடும். கடைசிப் பத்து விநாடியில் யானையை இடமும் வலமுமாக அர்த்தமின்றித் தள்ளிக்கொண்டிருப்பார். எதிராளி வெல்லும் வழியை யோசிப்பான். யோசிக்கிற நேரத்தில் அவன் நேரம் தீர்ந்துவிடும். தோல்வியை ஒப்புக்கொள்ளும் பொத்தான் திரையில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் ஆவுடையப்பனுக்குச் சொல்லத் தெரியாது.

ஆடும் நேரம் முழுவதும் வலது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

வெற்றி என்ற சொல் திரையில் தோன்றும் முன்பே அவர் விரல் ‘மீண்டும்’ என்பதை அழுத்திவிட்டது. இரண்டாம் ஆட்டம் தொடங்கி நாலு நகர்வு போயிருந்தபோது நடுவர் மடிக்கணினியை மூடினார்.

“மேடம், ஓடிட்டிருக்கு.”

“முதல் ஆட்டத்துல எதிராளி மூணாவதா என்ன ஆடினார் சார்?”

ஆவுடையப்பன் சிரித்தார். குழந்தைத்தனமான கேள்வி.

“அவன் என்னத்த ஆடுனா என்ன மேடம்? என் நாலாவது அதேதான்.”

“அவர் பேரு?”

பெயரை அவர் பார்க்கவில்லை. பெயர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எதிராளியின் கடிகாரம் இருக்கும், அதைத்தான் பார்ப்பார்.

நடுவர் பேனாவை எடுக்கவில்லை. தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பதிவு உண்டு, ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை விநாடி ஆனதென்று அதில் இருக்கும் என்று நினைவூட்டினார். தொண்ணூற்றெட்டாயிரத்தில் ஓர் ஆட்டம் போதும் என்றார்.

“உங்க கை நின்ன ஒரு இடம். அதைக் காட்டுங்க. எழுதித் தர்றேன்.”

*

தேட ஒன்பது நாட்கள் ஆயின.

வக்கீலிடம் தனக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லி இரண்டு நாள் விடுப்பும் எடுத்தார். பதிவுகளில் எங்கு பார்த்தாலும் ஒரே எண். அரை விநாடி, பூச்சியம், பூச்சியம், அரை விநாடி. தன் ஆட்டத்தை இத்தனை நாள் பார்த்ததே இல்லை என்பது ஒரு கணம் அவருக்கு உறைத்தது. உறைத்ததை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்.

பத்தாம் நாள் மாலை மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தார். கையில் மூன்று தாள்கள்.

“பதினாலு விநாடி மேடம். பாருங்க. ஒரே நகர்வுக்குப் பதினாலு.”

“என்ன யோசிச்சீங்க?”

ஆவுடையப்பன் தாளைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பதிலைப் பதித்துவிட்டுப் பிறகு கேள்வியைக் கேட்கிறவர்களுக்குப் பொய் சொல்லப் போதிய அவகாசம் இருப்பதில்லை.

“சிலிண்டர்காரன் மணி அடிச்சான்.”

இரண்டாவது தாளில் பதினோரு விநாடி. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்த நாள் அது.

மூன்றாவதில் ஏழு விநாடி. நடுவர் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

“தும்மல். தொடர்ந்தாப்புல மூணு.”

ஆவுடையப்பனுக்கு அப்போது ஒன்று தோன்றியது, முகம் மலர்ந்தது.

“மெஷின் தும்முமா மேடம்?”

“தும்மாது.”

“அப்ப எழுதுங்க.”

“எழுதலாம். ‘இவர் தும்மினார்’னு எழுதவா?”

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். நடுவரின் ரேட்டிங் என்னவென்று கேட்டார். தன்னுடையதைவிட அறுநூறு புள்ளி குறைவு என்று அறிந்ததும், அப்படியானால் தன்னை அளக்க அவர் யார் என்று கேட்டார். தன்னுடைய ஆட்டம் புரியாதவர்கள் சேர்ந்துதான் தன்னைப் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்றார். இன்னும் சிலவும் சொன்னார். அவை எழுதத்தக்கவை அல்ல.

நடுவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ஆடுறவ இல்ல சார். பார்க்கிறவ.”

*

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். வேறு நடுவர் யாருமில்லை என்று தளத்தின் மதுரை அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். இன்னும் பதினேழு நாட்களே இருந்தன.

கை நிற்பது எப்படி என்று சொல்லிக்கொடுங்கள் என்றார். தனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்றார் நடுவர். பின்னே என்ன செய்வது என்று கேட்டதற்கு, அலமாரியிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்து மேசையில் வைத்துக் காய்களை அடுக்கினார்.

கடிகாரம் வைக்கவில்லை.

ஆவுடையப்பன் மரக்காய்களைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் கை பழைய கைதான். நடுவர் நகர்த்தி முடிப்பதற்குள் இவருடைய காய் கிளம்பிவிடும். முதல் ஐந்து நகர்வுகள் அப்படியே போயின.

ஆறாவது நகர்வுக்கு நடுவர் தன் குதிரையைத் தூக்கினார்.

எங்கே வரப்போகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆவுடையப்பனின் சிப்பாயைத்தான் வெட்டப்போகிறது. வெட்டினால் இவருடைய குதிரை அந்தக் கட்டத்துக்குப் போய் அதைத் திரும்ப வெட்டும். இவர் கை பாய்ந்தது. குதிரை அந்தக் கட்டத்தில் உட்கார்ந்தது. அங்கிருந்த காய் இவர் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

நடுவரின் குதிரை இன்னும் ஆகாயத்தில் இருந்தது.

“நான் இன்னும் வைக்கல சார்.”

ஆவுடையப்பன் உள்ளங்கையை விரித்தார்.

உள்ளே இருந்தது அவருடைய சிப்பாய்.

திரையில் இது தெரியாது. அங்கே முன்கூட்டிப் பதித்தது தப்பினால் காய் சும்மா அசையாமல் நிற்கும், அவ்வளவுதான். மரப்பலகையில் தன் ஆளைத் தானே வெட்டிக் கையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

நடுவர் அந்தச் சிப்பாயை வாங்கி அதன் கட்டத்தில் திரும்ப வைத்தார். இவருடைய குதிரையையும் பழைய இடத்துக்கே அனுப்பினார். பிறகுதான் தன் குதிரையை இறக்கினார், வேறொரு கட்டத்தில். அங்கிருந்து அது ஒரே நேரத்தில் இவருடைய ராணியையும் யானையையும் பார்த்தது.

*

தினமும் மாலை ஐந்தரைக்கு வக்கீல் அலுவலகத்திலிருந்து நேரே வந்தார். தினமும் ஒரு சிப்பாயாவது அவர் உள்ளங்கைக்குள் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று வந்தன.

நடுவர் ஒருமுறைகூடக் கடிந்துகொள்ளவில்லை. வாங்குவார், வைப்பார். கடிந்திருந்தால் ஆவுடையப்பனுக்குச் சண்டை போடவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

நாளாக ஆக, நடுவர் தூக்கிய காயை ஆகாயத்தில் வைத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. ஆவுடையப்பனின் முழங்கால் மேசையின் காலில் இடித்தது. பலகைமேல் எல்லாக் காய்களும் நடுங்கின.

“மேடம், வையுங்க.”

“எங்க?”

“அங்கதான்.”

“அப்ப நீங்களே வச்சிருங்களேன். எனக்கும் வேலை மிச்சம்.”

ஒருநாள் ஆவுடையப்பன் தன் தொழிலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். வக்கீல் மனுவைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யும்போது, அவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே தான் முற்றுப்புள்ளி வைத்துவிடுவதாகச் சொன்னார். இந்த வேகம் மாவட்டத்தில் யாருக்கும் கிடையாது.

“அவர் வேற மாதிரி முடிச்சதே இல்லையா?”

“பதினெட்டு வருஷத்துல நாலஞ்சு தடவ.”

“அப்ப என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்ய. நான் அடிச்சதுதான் நல்லாருக்குன்னு விட்டுட்டாரு.”

நடுவர் அன்றைக்கு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மனு யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஆள் என்ன சொல்ல வந்தான் என்று ஆவுடையப்பனும் கேட்டுக்கொள்ளவில்லை. படி இறங்கும்போது மட்டும் அந்த நாலைந்து தடவைகள் எவை என்று நினைத்துப் பார்க்க முயன்றார். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு நாள் விடைபெறும் நேரத்தில் நடுவர் பேச்சைத் தொடங்கினார்.

“சார், நாளைக்கு வரும்போது நீங்க...”

“அந்த லெட்டரக் கொண்டாரணும். சரி மேடம்.”

நடுவர் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஐப்பசி மழை கொட்டியது. ஆவுடையப்பன் தலையிலிருந்து கால்வரை நனைந்து, கடிதத்தைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்து நின்றார். மை ஊறி, ‘இயந்திரம்’ என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் கலைந்திருந்தது.

“லெட்டர் எதுக்கு சார்?”

“நீங்கதான மேடம் கேட்டீங்க?”

“குடை கொண்டாங்கன்னு சொல்ல வந்தேன். வானிலை அறிக்கையில போட்டிருந்தான்.”

துவட்டிக்கொள்ள ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பலகையை விரித்தார் நடுவர். அன்று ஆவுடையப்பனின் கைக்குள் இரண்டு சிப்பாய்களும் ஒரு மந்திரியும் வந்தன. மூன்றையும் கொடுக்கும்போது, முதல் முறையாக, அவர் நடுவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

முப்பதாம் நாள் சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்குள் சான்று மதுரைக்குப் போய்ச் சேர வேண்டும். படம் எடுத்துக் கைப்பேசியில் அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கு ஆவுடையப்பன் மூன்று மணிக்கே வந்துவிட்டார். உட்கார்ந்தார், எழுந்தார், சன்னலுக்குப் போனார், திரும்ப வந்து உட்கார்ந்தார். நடுவர் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று.

ஐந்தரைக்கு ஆவுடையப்பன் தாங்கமாட்டாமல் பேசினார். ஒரு மாதமாகத் தன்னை முடக்கிப் போட்டாயிற்று என்றார். இந்த நகர்த்தாத ஆட்டம் தனக்கு வராது என்றார். மனிதன் என்று நிரூபிக்க மெதுவாக இருக்க வேண்டும் என்றால் இந்த ஊரில் பாதிப்பேர் மனிதரில்லை என்றார்.

“மெதுவா இருக்கச் சொல்லலையே சார்.”

“ஒரு நிமிஷ ஆட்டம் வையுங்க மேடம். இதே பலகையில. என் ஆட்டத்த ஆடுதேன். பாத்துட்டு உள்ளத எழுதுங்க. மெஷின்னா மெஷின்னு எழுதிட்டுப் போங்க.”

நடுவர் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தார். அலமாரியிலிருந்து முதல் முறையாகக் கடிகாரத்தை எடுத்தார். ஆளுக்கு அறுபது விநாடி. நேரம் தீர்ந்தால் கூவும்.

ஆட்டம் தொடங்கியது.

ஒன்பது ஆண்டுகளின் வேகம் மொத்தமும் அந்த வலது கைக்குள் இருந்தது. நகர்த்தினார், கடிகாரத்தைத் தட்டினார், நகர்த்தினார், தட்டினார். மாறாத பதினோரு நகர்வுகளும் மாறாமல் போயின. நடுவர் தடுமாறினார். ஒரு மந்திரி போனது. ஒரு குதிரை போனது. மேசை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆவுடையப்பனிடம் இருபத்தாறு விநாடி மிச்சம். நடுவரிடம் எட்டு.

இன்னும் எட்டே விநாடி இதேபோல் தள்ளினால் போதும். அது அவருக்குத் தூக்கத்திலும் வரும்.

நடுவர் தன் யானையைத் தூக்கினார்.

ஆவுடையப்பனின் கை கிளம்பியது. பாதி வழிவரை வந்தது. அங்கே, பலகைக்கு மேலே, நின்றது. உள்ளங்கை தானாக ஒருமுறை விரிந்து மூடியது.

உள்ளே எதுவும் இல்லை.

நடுவர் யானையை இறக்கினார். கடிகாரத்தைத் தட்டினார்.

யானை நின்ற இடம் எந்தக் கணக்கிலும் வராத இடம். ஆவுடையப்பனின் சிப்பாய்க்கு நேர் மூலையில், காவல் எதுவும் இன்றி, எடுத்துக்கொள் என்பதுபோல நின்றது. தொண்ணூற்றெட்டாயிரம் ஆட்டங்களில் சும்மா வந்த யானையை அவர் ஒருமுறையும் விட்டதில்லை.

சிப்பாயைத் தொடப் போனார். தொடவில்லை.

இருபத்துமூன்று.

யானையைப் பார்த்தார். யானைக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார். அதன் பின்னால், பலகையின் மறுகோடியில், நடுவரின் இன்னொரு மந்திரி நெடுநேரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அது அங்கே எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கும் இவருடைய ராணிக்கும் நடுவே இப்போது இருப்பது அந்தச் சிப்பாய் ஒன்றுதான்.

பதினைந்து.

அப்படியும் இருக்கலாம். அது மட்டும்தானா? இடப்பக்கம் நடுவரின் ராணி இருந்தது. இவர் இதுவரை ஒரு பொருட்டாக மதிக்காத நடுவரின் சிப்பாய் ஒன்று கடைசிக்கு முந்திய வரிசையில் இருந்தது. ஆவுடையப்பன் குனிந்தார். முகம் பலகைக்கு ஒரு முழம் மேலே வந்தது.

மேசை நடுங்குவது நின்றிருந்தது.

ஆறு. நாலு. ஒன்று.

கடிகாரம் கூவியது. சற்று நீளமாகவே கூவியது. நடுவர் அதை நிறுத்தினார்.

ஆவுடையப்பன் நிமிரவில்லை.

நடுவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பெயரும் ஊரும் எழுதினார். அதன் கீழே எழுதினார்: ‘வெல்லும் ஆட்டத்தில், ஒரே நகர்வுக்கு இருபத்தாறு விநாடியும் செலவழித்து, அதை ஆடாமலே நேரத்தில் தோற்றார். மனிதர்.’ தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து முப்பத்தைந்து.

“சார். உங்க லெட்டர்.”

தாள் மேசைமேல் நகர்ந்து வந்து பலகையின் ஒரு மூலையை மறைத்தது. ஆவுடையப்பன் அதைப் படிக்கவில்லை. மறைத்த கட்டங்கள் தெரியும்படி அதை மணிக்கட்டால் ஒதுக்கினார்.

“மேடம், அந்த யானைய எதுக்கு அங்க வச்சீங்க?”

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.